திருச்சி ஒரு மணித்தியாலம், பலாலி எத்தனை வருசம்?

“பலாலியிலயிருந்து திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்தான்!” 2025 மார்ச் 30இல் இண்டிகோ இந்தச் சேவையைத் தொடங்கினதிலிருந்து இதே பல்லவிதான். கணக்கில பிழையில்லை. இரண்டு நிலையங்களுக்கும் இடையில் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். இரத்மலானையோ 330 கிலோமீற்றர். எங்களுக்குக் கொழும்பை விடத் திருச்சிதான் கிட்ட. மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கிற ஏ.ரி.ஆர் விமானத்துக்கு இது ஒரு தூரமே இல்லை. ஏறி இறங்கிற நேரத்தைக் கழிச்சால் வானத்தில இருக்கிறது கொஞ்ச நேரம்தான்.

ஆனால் இதை ஏதோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரிக் கொண்டாடேக்கதான் எங்களுக்குக் கோபம் வருது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் பலாலி. 1947 டிசெம்பரில் எயார் சிலோனின் முதற்பறப்பே இரத்மலானையிலிருந்து இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. டக்கோட்டா விமானம். எங்கட அம்மம்மாமார் பிள்ளைகளாக இருந்த காலத்திலேயே இருந்த வழியை அடைச்சுப்போட்டு, பிறகு திறந்து, அதுக்கு நன்றியும் கேக்கினம்.

திறந்த கதையும் ஒழுங்கில்லை. 2019 ஒக்ரோபர் 17இல் சர்வதேச விமான நிலையம் எண்டு பேர் வைத்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவோட சேவை நின்றது. கட்டுநாயக்கா திறந்த பிறகும் பலாலி பூட்டித்தான் கிடந்தது. 2022 டிசெம்பர் 12இல்தான் சென்னை விமானம் திரும்ப வந்தது. அதுவரை தமிழ்நாட்டுக்கு வைத்தியத்துக்குப் போறவை இரவு பஸ்ஸில தெற்கே கட்டுநாயக்காவுக்குப் போய், அங்கயிருந்து மறுபடி வடக்கே பறக்கோணும். 185 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற திருச்சிக்கு எழுநூறுக்கு மேற்பட்ட கிலோமீற்றர். இதையெல்லாம் எந்த விளம்பரமும் பறப்பு நேரத்தோட கூட்டிச் சொல்லாது.

சரி, வானத்தை விடுவம். நிலத்துக்கு வருவம்.

1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. விமானத் தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகளை விட்டார்கள், மயிலிட்டித் துறைமுகம் 2017இல் வந்தது. மிச்சக் காணிக்காரர் உறுதியைப் பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு இன்னும் காத்திருக்கினம். வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போற வீதி 2025 ஏப்ரலில்தான் திறந்தது, 35 வருசத்துக்குப் பிறகு. அதுவும் எப்பிடி? திறக்கேக்க காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை மட்டும் எண்டார்கள். நடந்து போகக்கூடாது எண்டார்கள். வாகனத்தை நிப்பாட்டக்கூடாது எண்டார்கள். படம் எடுக்கக்கூடாது எண்டார்கள். திருச்சிக்குப் பறக்கலாம், ஆனால் பக்கத்து ஊருக்கு நடக்கேலாமல் இருந்தது! ஒரு கிழவி தன்ர வளவைப் பார்க்க வேணுமெண்டால் ஓடுற பஸ்ஸின் ஜன்னலால எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்ப பெரிய விமானம் இறங்கோணும், ஓடுபாதையை நீட்டோணும் எண்ட கதை திரும்பத் திரும்ப வருது. நாங்கள் விமான நிலையத்துக்கு எதிரானவை இல்லை. எங்கட படிப்புக்கும் யாவாரத்துக்கும் வைத்தியத்துக்கும் அது வேணும். ஆனால் நீட்டுறது ஆற்றை காணிக்குள்ளால? இராணுவம் பிடிச்சு வைச்சிருக்கிற பண்ணையும் முகாமும் அப்பிடியே இருக்க, இடம்பெயர்ந்தவன்ர தோட்டத்தை ‘அபிவிருத்தி’ எண்டு எழுதி எடுக்கிறதை நாங்கள் ஏற்கமாட்டம். காணிக்காரரிட்டக் கேக்காமல் ஒரு மீற்றர்கூட நீட்டக்கூடாது.

அடுத்தமுறை மேடையில ஏறுறவை பறப்பு நேரத்தைச் சொல்ல முதல், எந்தக் குறிச்சிக் காணி எந்தத் திகதியில் விடுபடும் எண்டு சொல்லட்டும்.