சார்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க!

வாரக்கணக்கில் தரவு திரட்டி எக்ஸெலில் ஒரு சார்ட் போடுகிறோம். கடைசியில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டிவிடுகிறோம். புரொஜெக்டரில் போட்டால் 3-ஆ, 8-ஆ என்றே தெரியாது. மீட்டிங்கில் எண்ணைத் தப்பாகப் படித்து முடிவெடுத்தால் யார் பொறுப்பு?

காரணம் சிம்பிள். ஸ்கிரீன்ஷாட்டில் கிடைப்பது, திரையில் அந்தச் சார்ட் பிடித்திருக்கும் பிக்சல்கள் மட்டும்தான். 6 அங்குல அகலத்துக்கு 300 டிபிஐ தரத்தில் அச்சிட 1,800 பிக்சல் வேண்டும். திரையில் 600 பிக்சலில் இருந்ததை இழுத்துப் பெரிதாக்கினால் புது விவரம் எங்கிருந்து வரும்?

என்னைக் கேட்டால் எஸ்விஜிதான் முதல் சாய்ஸ். இதில் கோடும் எழுத்தும் பிக்சலாக இல்லாமல், வரைவதற்கான கணக்காகப் பதிவாகின்றன. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. மைக்ரோசாஃப்ட் 365 எக்ஸெலில் சார்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, 'சேவ் ஆஸ் பிக்சர்' கொடுத்தால் இந்த வடிவம் கிடைக்கும். கூகுள் ஷீட்ஸ் என்றால், கணினியில் சார்ட்டின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி 'டவுன்லோடு' போங்க. எஸ்விஜியோடு பிடிஎஃப், பிஎன்ஜியும் இருக்கும்.

எஸ்விஜியை ஏற்காத இடங்களில் பிஎன்ஜி. எடுக்கும் முன் சார்ட்டையும் எழுத்து அளவையும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஜேபெக் வேண்டவே வேண்டாம். அது போட்டோவுக்கானது, எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஆக்கிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால், அது மறுபடி சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க.