விரிசலை மட்டும் பார்த்தால் போதுமா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள். அந்தச் சுவர் நிற்க உறுதியான மண் வேண்டும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நம் நாட்டில் ஒவ்வொரு நிலச்சரிவுக்குப் பிறகும் எத்தனை வீடுகள் இடிந்தன என்று கணக்கெடுக்கிறோம். அக்கணக்கு சரிவு நடந்த பின்பே தொடங்குவதும் கட்டடத்தோடு முடிந்துவிடுவதும் பெரும் குறை என்பதே என் கருத்து.

1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். பழுது முதலில் அக்கட்டடத்தின் சுவரில் தோன்றவில்லை. பின்புறக் குன்றில் வடிகால் சரிவர இல்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கியது. தடுப்புச் சுவர்கள் சரிந்தன. நகர்ந்த மண் அடித்தளத்தைத் தள்ளியது. கட்டடத்தின் எடையைத் தாங்க மண்ணில் இறக்கிய தண்டவாளத் தூண்களால் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை. மற்ற இரு கட்டடங்கள் விழவில்லை. ஆயினும் அங்குக் குடியிருந்தோர் வெளியேறினர். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவை ஆளின்றி நின்றன. இடியாத வீட்டை இழந்தவர்களின் இழப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 85ஏ பிரிவின்படி, ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளரைக் கொண்டு சோதிக்குமாறு ஊராட்சி மன்றம் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், 2002 நவம்பரில் தாமான் ஹில்வியூவில் எட்டு உயிர்களைப் பறித்த சரிவு விழுந்தது ஒரு பங்களாவின்மீது. 2008 டிசம்பரில் புக்கிட் அந்தாராபங்சாவில் அழிந்த 14 வீடுகளும் பங்களாக்களே. ஐந்து மாடி என்ற அளவுகோலுக்குள் இவை வரவே இல்லை. தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல வாழும் நான்கு, ஐந்து மாடி மலிவு விலை வீடுகளின் நிலையும் இதுதான்.

வீடு நம்முடையது, குன்று வேறொருவருடையது, கால்வாய் நகராண்மைக் கழகத்துடையது. ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் நகராண்மைக் கழகம் பொறுப்பாகாது என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் யார்?

அடிக்கடி சோதித்தால் செலவாகும் எனச் சிலர் கூறலாம். முதல் சோதனைக்குக் கண்களே போதும். பூச்சில் தோன்றும் மயிரிழைக் கோடு பெரும்பாலும் அச்சத்திற்குரியதன்று. செங்கல்லையும் பிளந்துகொண்டு சாய்வாக ஓடி, மாதந்தோறும் அகலும் விரிசலே ஆபத்தானது. திடீரெனக் கதவு இறுகுவது, வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தரை சுவரை விட்டு விலகுவது, தடுப்புச் சுவர் முன்னோக்கிச் சாய்வது, அதன் நீர்த்துளைகள் அடைபடுவது, குன்றிலிருந்து சேற்றுநீர் கசிவது ஆகியவையும் எச்சரிக்கைகளே. இவற்றைக் கண்டால் உடனே பொறியாளரை அழைக்க வேண்டும்.

ஆகவே, சோதனைக்குரிய கட்டடத்தை மாடிகளின் எண்ணிக்கையால் மட்டும் முடிவு செய்யாமல், குன்றின் சாய்வையும் அதற்கும் வீட்டிற்கும் உள்ள தூரத்தையும் கொண்டு முடிவு செய்ய வேண்டும். சோதனையின் முடிவை அங்குக் குடியிருப்போருக்குப் புரியும் மொழியில் அறிவிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் தொழில்நுட்பம் பயிலும் நமக்கு இதில் பங்கு உண்டு. மேற்கண்ட அறிகுறிகளை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக்கி, குன்றோரக் குடியிருப்புகளில் கொண்டு சேர்ப்பது நம் மொழிக் கழகத்தால் ஆகாத காரியமா? அடுத்த மழைக்காலத்திற்கு முன்பே செய்வோம்!