மருந்து பிறகு வரட்டும், பரிசோதனை எங்கே?

அறிவியல் வென்றுவிட்டது என்று பட்டணத்தில் ஆர்ப்பரிக்கின்றனர். வெல்லட்டும், மகிழ்வோம்! நோயாளியின் குருதியிலிருந்தே காப்பு அணுக்களைப் பிரித்து, புற்றுநோயை இனங்காணும் மரபணுவை அவற்றிலே புகுத்தி, பெருக்கி, மீண்டும் உடலில் ஏற்றுகின்றனர். கலிபோர்னியாவில் முற்றிய புரோஸ்டேட் புற்றுநோயாளர் 14 பேரிடம் இதனைச் சோதித்து, 2024இல் முடிவை வெளியிட்டனர். இரத்தத்தில் நோய்க்குறி 30 சதவீதத்துக்கு மேல் தணிந்தது நால்வருக்கே. பம்பாயில் உருவாகி 2023இல் இந்திய அனுமதி பெற்ற 'நெக்ஸ்கார்19' இரத்தப் புற்றுநோய்க்குரியது. விலையோ பல இலட்சம்!

மடுல்சீமைத் தொழிலாளிக்காக நாம் கேட்பது அதுவன்று. சிறுநீர் தடைப்படுகிறது, இடுப்பெலும்பு நோகிறது என்று வரும் முதியவரை வலிமாத்திரையோடு லயத்துக்குத் திருப்புவது எந்த நீதி? (நாணத்தால் வாய் திறவாத ஆண்களும் உளர், அது தனிக் கேடு.) பீ.எஸ்.ஏ. பரிசோதனைக்குச் சிறிது இரத்தம் போதும். அதற்காக ஒரு நாட் சம்பளத்தை இழந்து, பசறை கடந்து பதுளைக்கு இறங்க வேண்டுமா? எலும்பிலே பரவிய பின்னர் மகரகமைக்கு அனுப்பினால், அங்குள்ள வைத்தியர்தாம் என் செய்வார்?

தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே இரத்தம் எடுத்து, அன்றே பதுளைக்கு அனுப்புக! மூட்டை மூட்டையாகத் தேயிலை இறங்கும் பாதையில் ஒரு சிறு குப்பி இறங்காதோ?