நான்கு முழம்

சர்ச்சை ஓர் அடுப்பைப் பற்றியது. களிமண் அடுப்பு ஒன்றை வளையம் வளையமாக அறுத்து, இடையிடையே மணலைப் போட்டு மறுபடி அடுக்கி எழுப்பினால், அது முழு அடுப்பா உடைந்த அடுப்பா? முழு அடுப்பென்றால் தீட்டுப்படும், உடைந்ததென்றால் தீட்டு ஒட்டாது. (எபிரேயத்தில் அந்த அடுப்புக்குத் தன்னூர் என்று பெயர். நாம் சொல்லும் தந்தூரும் அந்த வழியில் வந்ததுதான்.) ரபி எலியேசர் பென் ஹிர்கானுஸ் தீட்டு இல்லை என்றார். கூடியிருந்த மற்ற யூத அறிஞர்கள் எல்லோரும் தீட்டு என்றார்கள். கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்துவிட்ட பின், பலிபீடமும் குருமாரும் இல்லாமல் ஒரு மதத்தை எப்படி நடத்துவது என்று அறிஞர்கள் திண்டாடிக்கொண்டிருந்த தலைமுறை அது.

வாதங்கள் தீர்ந்ததும் எலியேசர் அற்புதங்களைச் சாட்சிக்கு அழைத்தார் என்கிறது, யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத். அவர் சொன்னதும் கரோப் மரம் ஒன்று வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நின்றது. வாய்க்கால் தண்ணீர் பின்னோக்கி ஓடியது. பாடசாலைச் சுவர்கள் விழப்போவதுபோலச் சாய்ந்தன. அறிஞர்கள் வாதாடும் இடத்தில் உங்களுக்கென்ன வேலை என்று ரபி யோசுவா சுவர்களையே அதட்டினார். கடைசியில் வானத்திலிருந்து ஒரு குரல் எலியேசர் பக்கம் பேசியது. யோசுவா எழுந்து, சட்டம் பூமிக்கு வந்தாகிவிட்டது, இனி வானத்தின் குரலுக்கு இங்கே ஓட்டு இல்லை என்று சொல்லி முடித்துவைத்தார்.

மேடையில் சொல்கிறவர்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். பெரும்பான்மை வென்றது, விவாதம் வென்றது, கைதட்டல். தல்மூத் நிறுத்தவில்லை. எலியேசர் சுத்தம் என்று முன்பு தீர்ப்புச் சொல்லியிருந்த பொருள்களையெல்லாம் அன்றே கொண்டுவந்து நெருப்பில் போட்டார்கள். பிறகு வாக்கெடுத்து அவரையே விலக்கிவைத்தார்கள். அவரிடம் இதை யார் போய்ச் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது மாணவர் அகிவா முன்வந்தார். முரட்டு ஆள் யாராவது போய்ச் சொன்னால் கிழவர் மனம் நொந்து உலகமே அழிந்துவிடும் என்று அவருக்குப் பயம். கறுப்பு உடுத்தி, கறுப்பால் போர்த்திக்கொண்டு போனவர், ஆசானுக்கு நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தார். இன்று என்ன விசேஷம் என்று எலியேசர் கேட்டார். தோழர்கள் உங்களிடமிருந்து விலகியிருப்பதாகத் தோன்றுகிறது என்றார் அகிவா. இதைவிட நாசூக்காக ஒருவரை ஊர்விலக்கம் செய்துவிட முடியாது. எலியேசர் உடையைக் கிழித்தார், செருப்பைக் கழற்றினார், தரையில் அமர்ந்து அழுதார்.

விலக்கியவர்களின் தலைவர் கமாலியேல் வேறு யாருமில்லை, எலியேசரின் மைத்துனர்தான். அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இம்மா ஷாலோமுக்குத் தல்மூத் ஓர் இடம் தருகிறது. கணவன் முகங்குப்புற விழுந்து மன்றாடினால் அண்ணன் தாங்கமாட்டான் என்று அவள் நாள்தோறும் காவல் இருந்தாள். ஒருநாள் கண் தவறியது. கமாலியேல் இறந்தார். அதற்கு முன்பொருமுறை நடுக்கடலில் புயல் மறித்தபோது, என் கௌரவத்துக்காகவோ என் குலத்தின் கௌரவத்துக்காகவோ அவரை விலக்கவில்லை, சண்டைகள் பெருகக் கூடாதென்றே செய்தேன் என்று அவர் கடவுளிடம் முறையிட்டிருந்தார். அதைப் பொய் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. ஆலயத்தை இழந்த கூட்டத்துக்கு ஒற்றுமையைத் தவிர வேறு சொத்து இல்லை.

விலக்கங்களிலேயே கடுமையானதற்கு ஹேரெம் என்று பெயர். வேதாகமத்தில் இந்தச் சொல் முதலில் மனிதரை ஒதுக்குவதைக் குறிக்கவில்லை. கடவுளுக்கென்று முற்றிலும் விடப்பட்டது, ஆகவே மனிதர் கைபடக் கூடாதது, பெரும்பாலும் அழிக்கப்பட வேண்டியது ஹேரெம். தமிழ் வேதாகமம் இதைச் சாபத்தீடு என்கிறது. எரிகோ பட்டணம் சாபத்தீடானது. அதிலிருந்து ஒரு பாபிலோனியச் சால்வையையும், 200 சேக்கல் வெள்ளியையும், 50 சேக்கல் எடைப் பொன்பாளத்தையும் எடுத்துக் கூடாரத்தில் புதைத்துவைத்த ஆகானைக் குடும்பத்தோடு ஆகோர் பள்ளத்தாக்கில் கல்லெறிந்து கொன்றார்கள். பின்னாளில், பாபிலோனிய சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் காலத்தில், எஸ்றாவின் புத்தகத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. மூன்று நாளுக்குள் எருசலேமில் வந்து கூடாதவனுடைய ஆஸ்திதான் ஹேரெம் ஆகும், ஆள் சபையிலிருந்து பிரிக்கப்படுவான். கல் கீழே போடப்பட்டு, கதவு சாத்தப்பட்டது. அரபியில் ஹராம் என்பதும் மக்காவின் புனித எல்லையைக் குறிக்கும் ஹரம் என்பதும் இதே வேரிலிருந்து வந்தவை. தொடக் கூடாதது புனிதத்தாலா அருவருப்பாலா என்பதை இந்த வேர் எந்த மொழியிலும் முடிவாகச் சொல்லவில்லை.

நான்கு முழத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கு வருவோம். பூக்காரம்மா முழங்கையால் அளந்து கொடுக்கும் அதே முழம்தான், நான்கு சேர்ந்தால் ஏறக்குறைய ஆறு அடி. 1656 ஜூலை 27 அன்று ஹவுட்கிராக்ட் கால்வாய்க் கரையிலிருந்த போர்ச்சுகீசிய யூதர்களின் ஜெப ஆலயத்தில், 23 வயது இளைஞன் ஒருவன் மீது போர்ச்சுகீசிய மொழியில் எழுதிய விலக்காணை வாசிக்கப்பட்டது. வேதாகமத்து யோசுவா எரிகோவுக்கு இட்ட சாபமும், எலிசா பிள்ளைகளைச் சபித்த சாபமும் அவன்மேல் வருவதாகச் சொன்ன அந்த ஆணை, யாரும் அவனோடு வாயாலோ எழுத்தாலோ பேசக் கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது என்றது. அவன் எழுதிய எதையும் படிக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டது. பெயர் பாரூக் ஸ்பினோசா. வீட்டில் பெந்தோ. அருவருப்பான கொள்கைகள், பயங்கரமான செயல்கள் என்று ஆணை குற்றம் சாட்டுகிறதே தவிர, எந்தக் கொள்கை, என்ன செயல் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வயதில் அவர் எதையும் வெளியிட்டிருக்கவில்லை. படிக்கக் கூடாத புத்தகங்கள் இனிமேல்தான் எழுதப்பட வேண்டியிருந்தன.

ஆணையிடும் அதிகாரம் ரபிகளிடம் இல்லை, மாமத் என்ற நிர்வாகக் குழுவிடம் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் வணிகர்கள். 1497இல் போர்ச்சுகலில் வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ரகசியமாய் நோன்பிருந்து, விசாரணை மன்றத்துக்குப் பயந்து, தப்பி வடக்கே வந்து, நடுவயதில் எபிரேய எழுத்துக் கூட்டிப் படித்துத் தங்கள் மதத்துக்குத் திரும்பியவர்கள் அவர்களில் பலர். நம்பிக்கைக்காக ஒதுங்கி நிற்பதன் விலையை அவர்களைப்போல் அறிந்தவர்கள் ஐரோப்பாவில் குறைவு. அவர்களேதான் இந்த ஆணையையும் எழுதினார்கள். இதைக் கபடம் என்று சொல்லிவிடுவது எளிது. நமக்கு அது பயமாகவே தெரிகிறது. கமாலியேலின் பயத்துக்கு நெருக்கமான பயம்.

ஆம்ஸ்டர்டாமில் ஹேரெம் அன்றாடக் கருவியும்கூட. சின்னச் சின்ன மீறல்களுக்கு விதிப்பார்கள், மன்னிப்புக் கேட்டால் எடுத்துவிடுவார்கள். ஆனால் மன்னிப்புக் கேட்பது எப்படியிருக்கும் என்பதை ஊரியல் த கோஸ்டா எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். போர்ட்டோவில் கத்தோலிக்கராக வளர்ந்து, வேதாகமத்தைப் படித்தே யூதத்தைத் தேடி வந்தவர் அவர். வந்து பார்த்தால் தான் படித்த மதம் வேறு, இங்கே நடக்கும் மதம் வேறு. வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வருடக்கணக்கில் தனித்து விடப்பட்ட பிறகு, திரும்பிச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தபோது, கூட்டம் நிறைந்த ஜெப ஆலயத்தில் தவறுகளை உரக்க வாசிக்கவைத்து, தூணில் கட்டி 39 கசையடி கொடுத்து, வாசற்படியில் படுக்கவைத்து, வெளியேறிய அத்தனை பேரும் அவரைத் தாண்டிக்கொண்டு போனார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் வயதானவர்களைக் காலில் விழவைக்கும் காட்சியை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1640இல் த கோஸ்டா துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். ஸ்பினோசா அப்போது ஏழு வயதுப் பையன்.

அந்தப் பையன் வளர்ந்து தன் முறை வந்தபோது வாசற்படியில் படுக்கவில்லை. எதிர்க் கூடாரத்துக்கும் போகவில்லை. இரண்டாவது விஷயத்தைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும். யூத சபையிலிருந்து வெளியேறியவனுக்கு 17ஆம் நூற்றாண்டில் இருந்த ஒரே வீடு தேவாலயம். பிறப்பும் கல்யாணமும் சாவும் ஏதோ ஒரு சபையின் பதிவேட்டில் ஏற வேண்டிய காலம். அவருக்குக் கிறிஸ்தவ நண்பர்கள் நிறைய இருந்தார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசினார், ஞானஸ்நானம் மட்டும் பெறவில்லை. லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார். ரைன்ஸ்பர்க், ஃபோர்பர்க், ஹேக் என்று இடம் மாறினார். 1670இல் பெயர் போடாமல், ஹாம்பர்க்கில் அச்சானதாகப் பொய் முகவரியோடு வந்த அவருடைய இறையியல்-அரசியல் நூலை 1674இல் ஹாலந்து அரசு தடை செய்தது. 1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அழைத்த பேராசிரியர் பதவியை வேண்டாமென்று எழுதிவிட்டார். 1677இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற தாள்களில் முற்றுப்பெறாத எபிரேய இலக்கண நூல் ஒன்றும் இருந்தது. விலக்கிய சபையின் வேதமொழிக்கு இலக்கணம்!

சிற்றிதழ்க்காரர்களுக்கு ஸ்பினோசாவைப் பிடிக்காமல் இருக்காது. தனி மனிதன், சிறிய அறை, பதவி மறுப்பு என்று நாம் நம்மைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் எல்லாமே அவரிடம் உண்டு. ஆனால் நம்மைத் தூங்கவிடாமல் செய்கிறவர் எலியேசர்தான். ஸ்பினோசா ஆணை வந்த காலத்திலேயே மனத்தளவில் வெளியே வந்திருந்தவர். எலியேசரோ தன்னை வெளியே தள்ளிய சட்டத்தைக் கடைசி மூச்சுவரை நம்பியவர். அவர் சாகக் கிடந்தபோது அகிவாவும் தோழர்களும் வந்து, அப்போதும் நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். நேரம் கிடைக்கவில்லை என்றார்கள். இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து, சுருட்டி மூடிவிட்ட இரண்டு வேதச்சுருள்கள் என்று அவற்றுக்காகப் புலம்பினார். கற்றதில் ஒரு துளிக்குமேல் யாரும் தன்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லையே என்ற ஆற்றாமை அது. அவர்கள் உடனே சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள்! இந்தப் பந்துக்குத் தீட்டு உண்டா, இந்தத் தாயத்துக்கு உண்டா, செருப்புத் தைக்கும் அச்சில் மாட்டியிருக்கும் செருப்புக்கு உண்டா? அது சுத்தம் என்று சொன்ன வாயோடு உயிர் போயிற்று. ரபி யோசுவா எழுந்து விலக்கு நீங்கியது என்று அறிவித்தார்.

காலம் கடந்த அறிவிப்புதான். ஆனால் தல்மூதுக்கு அடித்தளமான மிஷ்னாவைத் தொகுத்தவர்கள் வேறொன்று செய்திருந்தார்கள். அந்தப் பெருந்தொகுப்பின் முதல் பத்தி, மாலைத் தொழுகையின் மந்திரத்தை எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை சொல்லலாம் என்று பேசுகிறது. அதில் பெயரோடு பதிவாகும் முதல் கருத்து எலியேசருடையது. அதற்கடுத்து நூற்றுக்கணக்கான இடங்களில் அவர் வருகிறார், பெரும்பாலும் தோற்ற தரப்பாக. ஆளை நான்கு முழத்துக்கு அப்பால் வைத்தவர்கள் அவர் சொன்னதை ஏட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாம் ஆணையோ எழுத்தையும் சேர்த்துத் தள்ளியது. இரண்டும் விலக்கம்தான் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இந்தியாவிலும் இது முடிந்த விவகாரம் இல்லை. தாவூதி போரா முஸ்லிம் சமூகத்தில் பராத் என்று வழங்கும் விலக்கத்தைத் தடுக்க 1949இல் பம்பாய் மாகாணம் சட்டம் இயற்றியது. மத விவகாரத்தைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையில் தலையிடுகிறதென்று 1962இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அந்தக் கேள்வியை 2023இல் அரசியல் சாசன அமர்வு ஒன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பிவைத்தது. சபைக்கும் தனி ஆளுக்கும் நடுவில் அரசு நுழையலாமா என்பதில் நமக்கு ஒரே பதில் இல்லை. இடுகாட்டில் இடம் மறுக்கும்போது நுழைந்தே ஆக வேண்டும். ஒரு கருத்தை ஏற்க மறுக்கும்போது நுழைய முடியாது.

ஸ்பினோசாவின் விலக்கை நீக்க வேண்டுமென்று இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியோன் 1950களில் குரல் கொடுத்தார். 1956இல் ஹேக் நகரத்து நியூவ தேவாலய முற்றத்தில், உன் மக்கள் என்று பொருள்படும் ஒற்றை எபிரேயச் சொல் பொறித்த நினைவுக்கல் வைக்கப்பட்டது. 2015இல் ஆம்ஸ்டர்டாமில் அறிஞர்கள் கூடி நீக்குவதா வேண்டாமா என்று விவாதித்தார்கள், நீக்கவில்லை. அதுவே சரி என்பது நம் எண்ணம். கேட்காதவருக்கு மன்னிப்பு வழங்கிப் பெருமை தேடிக்கொள்ளும் வேலை மிச்சம். ஆனால் 2021இல் நடந்தது வேறு. ஸ்பினோசா ஆய்வாளரும் மதநெறி வழுவாத யூதருமான யிட்சாக் மெலமெட், படப்பிடிப்புக்காக அந்தச் சபையின் இன்றைய ஜெப ஆலயத்துக்கும் அதை ஒட்டிய எட்ஸ் ஹாயிம் நூலகத்துக்கும் வர அனுமதி கேட்டார். ஆளின் மீதும் எழுத்தின் மீதும் போட்ட விலக்கு என்றைக்கும் செல்லும் என்று சபையின் ரபி பதில் எழுதினார். ஸ்பினோசாவைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கும் உள்ளே வர அனுமதி இல்லை என்றார்.