ஒலியும் பொருளும்

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் பாரதப் பிரதமருக்கு ஒரு வரவேற்பு நடைபெற்றது. அங்கே சமஸ்கிருதத்தில் பாடி அவரை வரவேற்றவர்கள் அந்நாட்டுப் பள்ளிக் குழந்தைகள். வெறும் மனப்பாடமாகத் தோன்றவில்லை, சொல்லுக்கேற்ற பாவம் அவர்கள் முகத்தில் இருந்தது என்று பிரதமர் ஆசிரியர்களைப் பாராட்டினார்.

ஒரு குழந்தைக்கு அந்நிய மொழி இலக்கணத்தின் வழியே வருவதில்லை. செவியின் வழியே வருகிறது. பாட்டின் தாளம் சொல்லை நாவில் நிறுத்துகிறது. மேடை ஏற வேண்டும் என்பதால் அதே வரியைப் பல நாள் பலமுறை சலிப்பின்றிச் சொல்கிறது. பிழையாகச் சொன்னாலும் தோழர்களின் குரலோடு சேர்ந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. நம் வேத பாடசாலைகளில் குரு ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை சொல்லும் 'சந்தை' முறையும் இந்த உண்மையை உணர்ந்ததே.

அக்குழந்தைகளின் நாட்டு மொழியாகிய ஐரிஷுக்கும் சமஸ்கிருதத்திற்கும் தொலைதூர உறவு உண்டு. இறைவனை ஐரிஷில் 'தியா' என்பர், சமஸ்கிருதத்தில் 'தேவ'. மூன்று என்பது அங்கே 'த்ரீ', இங்கே 'த்ரி'. இத்தகைய சொல்லைக் காட்டினால் அந்நியம் என்ற அச்சம் குழந்தைக்கு விலகும்.

ஆனால் ஒலி மட்டும் போதுமா? தாய்லாந்து அரசவை அந்தணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவில் நம் திருவெம்பாவையை ஓதும் மரபு உண்டு. கடல் கடந்து சென்ற தமிழ் பல நூற்றாண்டுகளாக அங்கே காக்கப்பட்டது அவர்களது பக்தியின் பெருமை. எனினும் காலப்போக்கில் உச்சரிப்பு திரிந்தது. பொருளும் ஓதுவோருக்கு எட்டாமற்போயிற்று. பொருள் தெரிந்தவர் அருகில் இல்லாதபோது மொழிக்கு நேரும் கதி இது.

இது தொலைவில் மட்டும் நிகழ்வதன்று. ஆலய விழாவில் பாசுரம் ஒப்பித்துப் பரிசு பெறும் பேரக் குழந்தைகள் பலருக்கு அதில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரிவதில்லை. அயல்நாட்டில் வளரும் குழந்தைக்கோ தமிழே அந்நிய மொழியாகி வருகிறது. அங்கே பொருள் சொல்லத் தக்கவர் பெரும்பாலும் தாத்தாவும் பாட்டியுமே.

அதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. திருப்பாவையின் 4ஆம் பாசுரத்தில் மின்னலுக்குத் திருமாலின் சக்கரமும் இடிக்கு அவனது சங்கும் உவமையாகின்றன. கையைச் சுழற்றி மின்னலையும், சங்கூதுவதுபோல் காட்டி இடியையும் அபிநயிக்கச் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் பாசுரம் புரியும். தொலைபேசியில் பேசும்போது நாளுக்கு ஒரு சொல் விளக்கினாலும் மார்கழி முடிவதற்குள் ஒரு பாசுரம் அதன் சொந்தமாகிவிடும்.

மேடையில் கிடைக்கும் கைதட்டல் அன்றோடு அடங்கும். பொருளுணர்ந்து பாடிய சொல் அக்குழந்தையின் முதுமையிலும் துணை நிற்கும்.