முக்கோணத்தை நம்பலாமா?

மாணவர்களே, பக்கத்தில் ஒரு தண்ணீர் போத்தலோ உணவுப் பெட்டியோ இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் அம்புக்குறிகளால் ஆன ஒரு சிறு முக்கோணமும் அதற்குள் 1 முதல் 7 வரை ஏதேனும் ஓர் எண்ணும் தெரியும்.

முக்கோணம் இருந்தால் மறுசுழற்சி ஆகிவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். என் வகுப்பில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். உண்மையில் அது 1988-இல் அமெரிக்க நெகிழித் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்த குறியீடு. பொருள் எந்த வகை நெகிழியால் ஆனது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

1 என்பது தண்ணீர் போத்தல், 2 என்பது ஷாம்பு போத்தல். இவற்றுக்குப் பழைய சாமான் வாங்குபவரிடம் விலை உண்டு. 6 என்றால் போலிஸ்டைரின். சில கடைகளில் இன்னும் சோறு கட்டித் தரும் அந்த வெள்ளைப் பெட்டியில் பெரும்பகுதி வெறும் காற்று. லாரி நிறைய ஏற்றினாலும் எடை தேறாது. சம்பாலும் எண்ணெயும் ஒட்டிக்கொண்டால் அள்ளிச் செல்லும் கூலிக்குக்கூடக் கட்டாது. நொறுக்குத் தீனிப் பையின் கதை இன்னும் மோசம். நெகிழியும் அலுமினியமும் மெல்லிய அடுக்குகளாக ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

சரி, ஆரஞ்சு நிறத் தொட்டியில் போட்டுவிட்டால் நம் கடமை முடிந்ததா? 2018 தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதிக்குக் கதவை அடைத்தது. பணக்கார நாடுகளின் குப்பை நம் பக்கம் திரும்பியது. சிலாங்கூர், கோல லங்காட்டில் உள்ள ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. பயன்படாத நெகிழியை எரித்தார்கள். ஊர் மக்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். அக்குப்பையில் ஒரு பகுதி, எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் கழுவித் துடைத்து நல்ல எண்ணத்தோடு மறுசுழற்சித் தொட்டியில் போட்டதுதான்! 2019-இல் நம் அரசாங்கம் கொள்கலன்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது.

மறுசுழற்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. குறைத்தல், மறுபயனீடு, மறுசுழற்சி என்று பாடநூலில் படிக்கிறோமே, அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. நாமோ கடைசியில் இருப்பதை முதலில் பிடித்துக்கொள்கிறோம்.

“சார், நான் ஒருத்தன் ஸ்ட்ரோ வேணாம்னு சொன்னா கடல் சுத்தமாயிடுமா?” என்று கேட்பவர் உண்டு. ஆகாது. பிரிக்கவே முடியாத பையைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு உங்களுடையதைவிடப் பெரியது. சட்டம் முதலில் அவர்களைத்தான் பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக நம் பங்கு இல்லையென்று ஆகிவிடாது. இரவுச் சந்தைக்குப் போகும்போது ஒரு டிபன் கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டால், எரிக்கவோ ஏற்றுமதி செய்யவோ அங்கே குப்பையே உருவாவதில்லை. கடைக்காரர் முறைப்பாரோ என்று தயங்காதீர்கள். பாத்திரம் பெரிதாக இருந்தால் குழம்பு கொஞ்சம் தாராளமாகவே விழும்.

இந்த வாரம் வீட்டுக் குப்பையைக் கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு எடுங்கள். 1, 2 எத்தனை? 6, 7 எத்தனை? எண்ணே இல்லாதவை எத்தனை? அந்தத் தாளை, வீட்டில் சாமான் வாங்கப் போகிறவரிடம் கொடுங்கள்.