கிருமி கக்கிய விஷம்

கோவிலபட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பாட்டிகள் கோபத்தில் விடும் வசவு ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். 'பேதியில போவான்!' இன்று அதைக் கேட்டால் சிரிப்புதான் வரும். அந்த வசவு பிறந்த காலத்தில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி. ஊருக்கு ஒரு ஊருணி, மாடும் மனுஷரும் இறங்குகிற தண்ணீர். அதில் காலரா புகுந்துவிட்டால், காலையில் பருத்திக்காட்டுக்குப் போனவர் மறுநாள் இருக்க மாட்டார்.

அந்தப் பேதிக்குக் காரணமான விஷத்தைக் கண்டுபிடித்தது ஓர் இந்தியர். பெயர் சம்புநாத் தே. 1915ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, உதவித்தொகையில் மருத்துவம் படித்தவர். 1949ல் லண்டனில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார்.

காலராக் கிருமியை ஜெர்மானியர் ராபர்ட் கோக் 1884லேயே கல்கத்தாவில் அடையாளம் காட்டிவிட்டார். ஆனால், அது ஆளை எப்படிக் கொல்கிறது என்பது புரியவில்லை. காட்டு மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற ரணஜன்னிக் கிருமி, நரம்பைத் தாக்கும் விஷத்தைக் கக்குகிறது என்பது 19ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே தெரிந்துவிட்டது. காலரா விஷயத்தில் மட்டும் எழுபது வருஷத்துக்கு மேல் குழப்பம். கிருமி செத்து உடையும்போது அதன் உடலிலிருந்து விஷம் வெளிவருகிறது என்று பெரும்பாலோர் நம்பினார்கள். அதை விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். விலங்கு செத்தது, பேதி மட்டும் ஆகவில்லை!

தே யோசித்தது ரொம்ப எளிமையானது. நோய் குடலில்தானே? அப்படியானால் குடலிலேயே பார்ப்போம். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் பலூன் மாதிரி உப்பியிருந்தது. உள்ளே அரிசி களைந்த தண்ணீர் போன்ற நீர். காலரா நோயாளிக்குப் போகுமே, அதேதான். இது 1953. பேதி உண்டாக்கும் ஈ.கோலை கிருமிகளையும் இதே முறையில் சோதித்தார்.

அடுத்த கேள்வி: இதைச் செய்வது கிருமியா, அது கக்கும் விஷமா? கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாமல் செய்து, வெறும் திரவத்தை மட்டும் செலுத்தினார். குடல் அப்போதும் உப்பியது. உயிரோடு இருக்கும்போதே கிருமி விஷத்தைச் சுரக்கிறது என்பது நிரூபணமானது. 1959ல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. கட்டுரை சின்னதுதான். நூலும் முயலும் வடிகட்டியும் வைத்துக்கொண்டு ஒரு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் செய்த வேலை! எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

இந்த விஷம் குடல் சுவரைக் கிழிப்பதில்லை. உப்பையும் நீரையும் உடம்பிலிருந்து குடலுக்குள் இறைத்துக் கொட்டவைக்கிறது, அவ்வளவுதான். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் உள்ளே விடுகிற வாசல் அப்போதும் திறந்தே இருக்கிறது. உப்பு சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது அந்த வாசல் வழியாகத்தான். 1971ல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கிக் கொடுத்தார். நூறில் முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூறுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

வீட்டில் செய்ய: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடைப் பாக்கெட் என்றால், அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் போடுங்கள். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று சிக்கனம் பிடிக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்பு பானங்கள் இதற்கு மாற்று கிடையாது. குழந்தை சோர்ந்து படுத்தாலோ, கண் உள்வாங்கினாலோ, ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

சரி, தேக்கு என்ன கிடைத்தது? நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், அவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1978ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு மரியாதையோடு அழைத்தார்கள். நம் நாட்டிலோ பெரிய விருது எதுவும் இல்லை, எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1973ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1985 ஏப்ரலில் காலமானார். பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது 1990ல்.